நிகர எடை

உள்ளே வரும்போது லோரியோடு நிறுப்பேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெளியேறும்போது
லோரியை மட்டும்.
முன்னதில் பின்னது போனால் நிகர எடை.
பாகாவ் தாண்டி ஒன்பதாம் கட்டை, செம்பனை ஆலை,
ஆறு வருடமாக எனக்கு இந்த ஒரு கணக்குதான்.

மேனகாதேவியின் ஆல்பம்
முதல் வாரம் பதினாலாவது இடம்.
எடைச்சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்தேன்.
இரண்டாம் வாரம் எட்டு.
மூன்றாம் வாரம் ஆலை பழுது, சீட்டே இல்லை.
நான்காம் வாரம் ஒன்று.
அடியில் கோடு போட்டேன்,
பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

சுவரொட்டியில் அவள் பெயர் மேனா.
டயர் கடை லிம் தவுக்கேக்கு அதெல்லாம் தெரியாது.
'மேலே கத்துமே, அந்தப் பொண்ணா?' என்றார்.
அவளேதான்.
அவர் மாடியறை, வாடகை நூற்றைம்பது வெள்ளி,
சுவர் முழுக்க முட்டை அட்டை.
கீழே கம்ப்ரசர் ஓயும் நேரம்தான் எங்கள் நேரம்.
ஒரு பாட்டில் பாதியைப் பிடிப்பதற்குள்
யாருக்காவது காற்று வேண்டியிருக்கும்.
இப்போது எழுதுகிறார்கள்:
ஆறாவது பாட்டின் நடுவே அந்தத் திடீர் மௌனம்
எவ்வளவு துணிச்சலானது என்று.
துணிச்சல் இல்லை ஐயா,
பின்சக்கரம் பஞ்சரான ஒரு ஹினோ லோரி.

மூன்றாவது பாட்டு சங்கில் தொடங்கும்.
ஆலையின் ஐந்தரை மணிச் சங்கு.
கைப்பேசியை பிளாஸ்டிக் பையில் சுற்றி
எடைமேடைக் கூரையில் வைத்து மழையில் நான் பிடித்தது.
அவள் அதை அரைச் சுருதி இறக்கி
கிட்டாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.
அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே எழுந்தவர்களின் பிள்ளைகள்
கோலாலம்பூர் அரங்கில் அது ஊதியதும் கைகளை உயர்த்துகிறார்கள்.
காணொளியில் மூன்று தடவை பார்த்தேன்.
மேனேஜர் கூப்பிட்டு
யாரிடம் கேட்டுச் சங்கை எடுத்தாய் என்றார்.
சங்கிடம் என்று வாய் வரை வந்தது.
மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன், மலாயில், இரண்டு பிரதி.

ஆல்பத்தின் கடைசியில் பெயர்ப் பட்டியல்.
டிரம்ஸ்: ஜொகூர் பாருவில் யாரோ ஒருவன்.
நான் அடித்ததை அழித்துவிட்டு அவன் அடித்திருக்கிறான்.
நன்றாகவே அடித்திருக்கிறான், அதுதான்.
சங்கொலி: இன்பராஜ்.
வங்கியில் முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு வந்தது,
குறிப்பு: சங்கு.
மோட்டாருக்குச் சாலை வரி கட்டினேன்.

ஓர் இரவு காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன்,
எங்காவது ஒரு தட்டு தப்பியிருக்குமா என்று.
ஐந்தாவது பாட்டு, மூன்றாம் நிமிடம்,
அவள் மைக்குக்குள் என் சிம்பல் கசிந்து கிடக்கிறது.
அவள் குரலைத் துடைக்காமல் அதைத் துடைக்க முடியாது.

பதினோராம் வாரம் பத்தொன்பது.
அப்புறம் பட்டியலில் தேடியும் இல்லை.
அதையும் குறித்தேன்.

ரொஃபிகுல் மட்டும் நிறுத்தவில்லை.
குலைக்குக் குலை குத்தித் தூக்கும்போதெல்லாம்
'பொண்டி போனா என்னா மிச்சோம்'.
வண்டி போனால் என்ன மிச்சம்.
எடை போடுவது எப்படி என்று அவள் கேட்ட அன்று
நான் சொன்ன வாக்கியம்,
பெருக்கி, மெட்டுப் போட்டு, டாக்கா வழியாக
என்னிடமே திரும்பி வருகிறது.

இன்றைக்கு மேடையில் லோரி நின்றதும்
ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான்,
அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?
நிறுப்பதைப் பற்றி, என்றேன்.
'அதுக்கா இவ்ளோ பேர் கத்துறாங்க?'

பதினொன்று புள்ளி நான்கு இரண்டு டன்.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் காலியாக இருந்தது.